டேட்டாகிரிட்வியூ: மூட்டைக் கணக்கைத் திருத்தினால் பிழை வருகிறது

அம்பாசமுத்திரத்தில் ஒரு நெல் கடைக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் எழுதுகிறேன். சி ஷார்ப், விண்டோஸ் ஃபார்ம்ஸ், டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8. தரவுத்தளத்தில் எடை கிலோவில், டெசிமலாக இருக்கிறது. கடைக்காரருக்கோ திரையில் டேட்டாகிரிட்வியூ அட்டவணையில் மூட்டையாகத் தெரிய வேண்டும். அவர் கணக்கில் மூட்டைக்கு 75 கிலோ. அதாவது 1,530 என்பது ‘20 மூட்டை 30 கிலோ’ என்று வர வேண்டும்.

கட்டத்தின் தோற்ற அமைப்பான டீஃபால்ட்செல்ஸ்டைலில் ஃபார்மட் கொடுத்தேன். எண்ணை அழகுபடுத்துமே தவிர வகுக்காது. தரவுத்தள வினவலிலேயே எண்ணை எழுத்தாக மாற்றினேன். வரிசைப்படுத்தும்போது 100 மூட்டை 20 மூட்டைக்கு முன்னால் வந்து நிற்கிறது, கூட்டுத்தொகையும் போய்விட்டது. கட்டத்தில் மதிப்பைக் காட்டும்போது நடக்கும் செல்ஃபார்மட்டிங் நிகழ்வில் மதிப்பை மாற்றி, ‘மாற்றியாயிற்று’ என்று சொல்லும் ஃபார்மட்டிங்அப்ளைடை ட்ரூ ஆக்கியதும் காட்சி கச்சிதம், வரிசையும் சரி. ஆனால் கட்டத்தைத் திருத்தப் போனால் உள்ளேயும் ‘20 மூட்டை 30 கிலோ’ என்றே நிற்கிறது. வெளியேறும்போது டேட்டாஎரர் என்ற பிழைப் பெட்டி குதிக்கிறது. ரீட்ஒன்லி (திருத்த முடியாதபடி) ஆக்கினால் பிழை இல்லை, ஆனால் எடைபோடுபவர் திருத்தியே ஆக வேண்டும்.

பிசானப் பருவ அறுவடை நெல் வருவதற்குள் இது ஓட வேண்டும்.

திருத்தும்போது மட்டும் வெறும் கிலோ எண்ணைக் காட்டுவது நல்லதா, இல்லை திருத்தியதைத் திரும்ப மதிப்பாக்கும் செல்பார்சிங் நிகழ்வில் மூட்டையைக் கிலோவாகத் திருப்புவது நல்லதா?