100 ரேண்டுக்குள் மட்டன் கறிக்கு ஏற்ற சிவப்பு வைன் எது?

உம்லாங்காவாசி:
வணக்கம். சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. போன டிசம்பரில் கேப் டவுன் பக்கம் போனபோது ஒரு நண்பர் வீட்டில் சிவப்பு வைன் கொடுத்தார். லேசாக, நாவல் பழ வாசனையோடு, தொண்டையில் சுகமாக இறங்கியது. பெயரைக் குறித்துக்கொள்ளாமல் வந்துவிட்டேன். அந்த ருசியைத் தேடி இங்கே ஆறேழு பாட்டில் வாங்கியாயிற்று, ஒன்றும் சரிவரவில்லை. ஒன்று பச்சை வாழைக்காயைக் கடித்த மாதிரி வாயெல்லாம் துவர்த்தது. பினோடாஜ் என்கிற ஒரு சிவப்பு வைனில் நகப்பூச்சு வாசனை அடித்தது. விலை கூடினால் நன்றாக இருக்கும் என்று 280 ரேண்டு கொடுத்து ஒரு காபர்னே சோவின்யோன் வாங்கி மட்டன் கறியோடு குடித்தேன், கறியின் காரம் இரண்டு மடங்கானது போல நாக்கு எரிந்தது.

புரட்டாசி முடிந்து வரும் முதல் சனிக்கிழமை பக்கத்து வீட்டுக் குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறோம். இந்த மாதம் முழுக்க இரண்டு வீட்டிலும் கவிச்சி கிடையாது, அதனால் அன்று கறி, வறுவல், பிராய் (இந்த ஊர் வழக்கப்படி நெருப்பில் சுடுகிற இறைச்சி) எல்லாம் உண்டு. 100 ரேண்டுக்குள், மிஞ்சிப்போனால் 120. என்ன வாங்கலாம்?

சாட்ஸ்வொர்த் அக்கா:
தம்பி, நான் ஒரு பாட்டில் ஸ்டோரில், அதாவது மதுக்கடையில், பதினொரு வருடம் வேலை பார்த்தவள். நீங்கள் சொல்கிற அடையாளத்தைப் பார்த்தால் நண்பர் கொடுத்தது சின்ஸோ என்கிற திராட்சையில் செய்த வைனாக இருக்கலாம். நிறம் வெளுப்பாக, கிளாஸுக்குப் பின்னால் விரலை வைத்தால் தெரிகிற மாதிரி இருந்ததா? அந்தத் திராட்சைக்குத் துவர்ப்பு குறைவு. ஒரு காலத்தில் இந்த நாட்டில் அதிகமாகப் பயிரான சிவப்புத் திராட்சையே அதுதான், ஆனால் பெரும்பாலும் மற்றதோடு கலக்கத்தான் பயன்படுத்தினார்கள், இப்போதுதான் தனிப் பெயரோடு பாட்டிலில் வருகிறது.

உங்கள் நாக்கு எரிந்ததற்குக் காரணம் விலை இல்லை. துவர்ப்பும் ஆல்கஹாலும் அதிகமாக இருக்கிற வைன் மிளகாய்க் காரத்தை ஏற்றிவிடும். நம் வீட்டுக் கறிக்கு விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட் மசாலாவைக் கொஞ்சம் தாராளமாகவே போடுவோம், அதோடு 14.5 சதவீதம் ஆல்கஹால் உள்ள காபர்னே சேர்ந்தால் வாய் தாங்காது. லேபிளில் சதவீதத்தைப் பாருங்கள், 13 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நல்லது.

அப்புறம் இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை, எனக்கு அதில்தான் வருத்தம். சிவப்பு வைனை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று எல்லோரும் படித்து வைத்திருக்கிறார்கள். அது குளிர் நாட்டு வீட்டு அறை, 16 முதல் 18 டிகிரி. நம் ஊரில் வெயில் காலத்தில் சமையலறை 28 டிகிரிக்குக் குறையாது, அந்தச் சூட்டில் எந்த வைனும் சாராயம் மாதிரிதான் வாசனை அடிக்கும். ஊற்றுவதற்கு முன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். சின்ஸோ என்றால் ஒரு மணி நேரம்கூட வைக்கலாம்.

பார்ல்_படிப்பு:
அக்கா சொன்னது அத்தனையும் சரி. ஆனால் பினோடாஜை ஒரே பாட்டிலோடு ஒதுக்கிவிடாதீர்கள் அண்ணா, அது இந்த மண்ணிலேயே பிறந்த திராட்சை. 1925இல் ஸ்டெல்லன்பாஷில் ஆபிரகாம் பெரோல்ட் என்கிற பேராசிரியர் பினோ நுவார் என்கிற திராட்சையையும் சின்ஸோவையும் கலப்பினம் செய்து உருவாக்கியது. அந்த நாளில் இங்கே சின்ஸோவை ஹெர்மிடாஜ் என்றுதான் அழைப்பார்கள், இரண்டு பெயரையும் சேர்த்துப் பினோடாஜ் ஆயிற்று. நகப்பூச்சு வாசனை அதன்மேல் பழைய காலத்திலிருந்தே உள்ள குறை, கவனமாகச் செய்தால் வராது. காப்பி, சாக்லேட் வாசனை வருகிற மாதிரியும் செய்கிறார்கள், பிராயில் சுட்ட இறைச்சிக்கு அது அருமையாகப் பொருந்தும்.

லேபிள் படிக்கவும் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள். பாட்டில் கழுத்தில் சின்னதாக ஒரு சான்று முத்திரை இருந்தால், லேபிளில் போட்ட ஊர், திராட்சை, வருடம் மூன்றும் சோதிக்கப்பட்டவை என்று அர்த்தம். ஊர்ப் பெயர் போட்டால் திராட்சை முழுக்க அந்த இடத்தில் விளைந்திருக்க வேண்டும், திராட்சைப் பெயர் போட்டால் 85 சதவீதமாவது அதுவாக இருக்க வேண்டும். 1973 முதல் நடப்பில் உள்ள ஏற்பாடு இது. உங்கள் பணத்துக்கு ஸ்டெல்லன்பாஷ் பெயரைத் தேடாமல் ராபர்ட்சன், ஸ்வார்ட்லாந்து, வெஸ்டர்ன் கேப் என்று போட்டதைத் தேடுங்கள். இங்கே அறுவடை பிப்ரவரி, மார்ச்சில்தான். மலிவு வைன் பழசாக ஆக ருசி கூடாது, கடந்த இரண்டு மூன்று வருடத்து வைனே போதும்.

பிரிட்டோரியா பாலா:
எனக்கு ஷிராஸ் என்கிற சிவப்பு வைன்தான். மிளகு வாசனை இருக்கிறது, மட்டனுக்கு அதைவிடப் பொருத்தம் கிடையாது. கூட்டம் அதிகம் என்றால் 3 லிட்டர் பெட்டி வாங்குங்கள், நான்கு பாட்டில் கணக்கு, உள்ளே பைக்குக் காற்றுப் போகாது, திறந்த பிறகும் ஒரு மாதம் கெடாமல் இருக்கும். பாட்டிலைத் திறந்தால் ஃபிரிட்ஜில் வைத்தாலும் மூன்று நாள்தான். பெயர் சொல்லி வாங்க வேண்டுமென்றால் ஷாட்டோ லிபர்டாஸ் இருக்கிறது, 1932 முதல் வருகிற கலவை வைன், எங்கள் வீட்டில் அது எப்போதும் இருக்கும்.

சாட்ஸ்வொர்த் அக்கா:
பாலா, மிளகுக் கறி, சுட்ட ஆட்டுத் தொடை என்றால் ஷிராஸ் சரி, நானும் ஒத்துக்கொள்கிறேன். சிவக்கச் சிவக்க மிளகாய் போட்ட டர்பன் கறிக்கு நான் ஊற்ற மாட்டேன், அதிலும் ஆல்கஹால் கூடுதலாகத்தான் இருக்கும். தம்பி, இரண்டு சின்ஸோவும் பிராய்க்கு ஒரு பினோடாஜும் எடுங்கள். பாட்டிலை ஃபிரிட்ஜ் மேலே வைக்காதீர்கள், அந்தச் சூடு வைனைக் கெடுத்துவிடும். அலமாரியின் அடித்தட்டே போதும்.

உம்லாங்காவாசி:
நேற்றுத்தான் விருந்து முடிந்தது. 95 ரேண்டுக்கு ஸ்வார்ட்லாந்து சின்ஸோ கிடைத்தது, ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து ஊற்றினேன். அக்கா, அதேதான்! அதே நாவல் பழம். மட்டன் கறியோடு நாக்கு எரியவே இல்லை. பக்கத்து வீட்டு அங்கிள் வழக்கமாக விஸ்கி தவிர எதையும் தொடாதவர், இரண்டு கிளாஸ் வாங்கிக் குடித்துவிட்டுப் பாட்டிலைப் படம் எடுத்துக்கொண்டு போனார். பினோடாஜில் இந்த முறை நகப்பூச்சு வாசனை இல்லை, ஆனால் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை, வேறொன்று வாங்கிப் பார்க்க வேண்டும். அடுத்த ஞாயிறு புளி ஊற்றின மீன் குழம்பு, அதற்கும் இதுவே சரியாக வருமா?

சாட்ஸ்வொர்த் அக்கா:
வரும் தம்பி, இன்னும் கொஞ்சம் குளிர வைத்துக்கொள்ளுங்கள். துவர்ப்பான சிவப்பு வைன் மீனோடு சேர்ந்தால் வாயில் இரும்புச் சுவை தட்டும், சின்ஸோவில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. குழம்பில் புளி தூக்கலாக இருந்தால் மட்டும் அன்றைக்கு ஷெனின் என்கிற வெள்ளை வைன் ஒன்று வாங்கிப் பாருங்கள்.