மறு: ‘வுவா வெர்த்’ – பசுமைவழி வேண்டாம், இட்டேரி என்போமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இழை நீண்டுகொண்டே போகிறது. பிரான்சு நாட்டுப்புற சைக்கிள் தடங்களுக்கான வரைபடத் தமிழாக்கத்தை இந்த மாதமாவது முடித்தாக வேண்டும். அதில் ‘வுவா வெர்த்’ (voie verte, நேர்ப்பொருள் ‘பச்சை வழி’) என்ற, கார் நுழையாத பாதைக்கும் அதைச் சார்ந்த சில சொற்களுக்கும் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதான் கேள்வி. அதனால் இதுவரை வந்த சொற்களை எடுத்துக்கொண்டு என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மறுப்பிருந்தால் தாராளமாக அடிக்கலாம்.

> பசுமைவழி என்பதே நேரான சொல். பிரெஞ்சில் ‘வெர்த்’ என்றால் பச்சைதானே, இதில் என்ன குழப்பம்?

பச்சைதான் ஐயா. ஆனால் தமிழ் நாளிதழ் படிக்கிற ஒருவரிடம் ‘பசுமைவழி’ என்று சொல்லிப் பாருங்கள். சென்னைக்காரர் அமைச்சர்கள் குடியிருக்கும் பசுமைவழிச் சாலையை நினைப்பார். சேலத்துக்காரர் 2018இல் அறிவித்த எட்டு வழிச்சாலையை நினைப்பார். அதற்கும் ‘பசுமை வழிச்சாலை’ என்றுதான் பெயர் சூட்டினார்கள். கல் நட வந்தவர்களிடம் வயலில் நின்று மல்லுக்கட்டிய உழவர்களுக்கு அந்தப் பெயர் எப்படிக் கேட்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கார் நுழையவே கூடாத பாதைக்குப் போய் அதே பெயரை வைப்பானேன்?

நிறத்தைப் பிடித்துக்கொண்டு போனால் இப்படித்தான் ஆகும். யாருக்கு அனுமதி, யாருக்கு இல்லை என்பதைப் பிடிக்க வேண்டும். பிரெஞ்சுச் சாலை விதித்தொகுப்பில் வுவா வெர்த் 2004இல் சேர்ந்தது. மோட்டார் இல்லாத வண்டிகள், நடப்பவர்கள், குதிரையில் போகிறவர்கள் – இந்த மூவருக்கு மட்டுமே ஒதுக்கிய வழி என்பது அன்றைய வரையறை. நுழையும் இடத்தில் நீலச் சதுரப் பலகை ஒன்று இருக்கும். ஊர்ச்சாலையைக் கடக்கும் இடங்களில் கார் நுழையாதபடி மரக்கட்டையோ இரும்புத் தடுப்போ போட்டிருப்பார்கள். பின்னால் பைகளை மாட்டிக்கொண்டு வருகிற சைக்கிள்காரர் அதில் வளைந்து நெளிந்து நுழைவதற்குள் பிரெஞ்சு வசவுகளில் பாதியைக் கற்றுக்கொள்வார்.

இந்த வரையறையை வைத்துப் பார்த்தால் இரண்டு பரிந்துரைகள் தானாகவே விழுந்துவிடும். ‘மிதிவண்டிப் பாதை’ ஆகாது. அது சைக்கிளுக்கு மட்டுமான பாதை, பிரெஞ்சிலும் அதற்குத் தனிச்சொல் இருக்கிறது. வுவா வெர்த்தில் குழந்தை வண்டி தள்ளுகிறவருக்கும் நாயோடு நடக்கிற தாத்தாவுக்கும் சம உரிமை. ‘மோட்டாரில்லாப் பாதை’யும் ஆகாது. 250 வாட் மோட்டாரோடு, 25 கிலோமீட்டர் வேகம் வரை மட்டும் மிதிக்கு உதவுகிற மின்சைக்கிள் சட்டப்படி சைக்கிள்தான். அது ஜோராக உள்ளே போகும். பெயர் ‘மோட்டாரில்லா’ என்றிருந்தால் முதல் நாளே ஒருவர் கேள்வி கேட்டு மடல் போடுவார்.

> ‘சரளைப்பாதை’ என்றால் சுருக்கமாக, கேட்டதும் புரிகிற மாதிரி இருக்குமே.

அக்கா, இதில்தான் இழையே தடம் மாறிப் போனது என்று நினைக்கிறேன். தரை வேறு, உரிமை வேறு. பிரான்சின் முதல் வுவா வெர்த் 1997இல் பர்கண்டியில் ஜிவ்ரிக்கும் க்ளூனிக்கும் இடையே பழைய ரயில் பாதையில் திறந்தது. அதன் தரை வழவழ தார். சக்கரக் காலணி போட்டவர்கள்கூட அங்கே வழுக்கிக்கொண்டு போவார்கள். தெற்கே மசாமேவிலிருந்து பெதாரியூ வரை ஏறக்குறைய 80 கிலோமீட்டர் போகும் ‘பாசா பயீஸ்’ என்ற வுவா வெர்த்தும் பழைய ரயில் பாதைதான், ஆனால் அங்கே மண்ணும் பொடிச்சரளையும். இரண்டுக்கும் ஒரே சட்டம், ஒரே பலகை. ஆகவே பாதையின் பெயருக்குள் சரளையைக் கொண்டுவர வேண்டாம். தரையைத் தனியாகச் சொல்லிக்கொள்வோம்.

அந்தத் தரைக்கும் ஒரே சொல் போதாது. நாம் தமிழாக்குகிற திறந்த வரைபடத்தில் (OpenStreetMap) ‘கிராவல்’ என்ற குறி உண்மையில் தண்டவாளத்துக்கு அடியில் கொட்டுகிற மாதிரியான உடைத்த கல்லைத்தான் குறிக்கிறது. அதற்கு ‘ஜல்லி’ என்று போட்டுவிடலாம், கொத்தனாருக்கும் தெரிந்த சொல். அடுத்தது பொடியான, காலடியில் நறநறக்கிற வகை: ‘சரளை’. மூன்றாவதுதான் பிரெஞ்சுக்காரர்கள் ‘ஸ்தபிலிசே’ என்பது. மணலும் கல்தூளும் கலந்து பரப்பி, நீர் தெளித்து, உருளை ஓட்டி இறுக்கியது. காய்ந்தால் வெள்ளையாகத் தூசி கிளம்பும், மழையில் நனைந்தால் சக்கரத்தோடு அப்பிக்கொண்டு சங்கிலிக்குள் அரைபடும். 40 மில்லிமீட்டர் டயர் இருந்தால் கவலையில்லை, மெல்லிய பந்தய டயரோடு வருகிறவர் பாடு திண்டாட்டம். வரைபடம் இதை ‘இறுக்கியது’ என்ற பொருளில் குறிக்கிறது. தரையை இடித்து இறுக்குகிற திமிசுக்கட்டை நம்மிடம் இருக்கும்போது என்ன குறை? ‘திமிசுத் தளம்’ என்று வைக்கிறேன்.

> ‘கிராவல்’ என்றே விட்டுவிடலாம். பிரெஞ்சுக்காரர்களே அந்த ஆங்கிலச் சொல்லைத்தான் சொல்கிறார்கள்.

மண், சரளைத் தடங்களில் ஓட்டுகிற சைக்கிள் வகைக்கும் அந்த ஓட்டத்துக்கும் சரி, ‘கிராவல் சைக்கிள்’ இருக்கட்டும். தரைக்கு வேண்டாம். தமிழ்நாட்டில் கிராவல் என்றால் லாரியில் வந்து பள்ளத்தில் கொட்டுகிற செம்மண்; ‘கிராவல் மண் கடத்தல்’ என்று செய்தியில் வருகிறதே, அது. இலங்கையில் ‘கிரவல் வீதி’ என்றால் தார் போடாத ஊர்த்தெரு. ஒரே ஒலி, மூன்று பொருள்.

சங்கப் பாட்டிலிருந்து ‘கல்லதர்’ எடுத்துக் கொடுத்த நண்பருக்கு நன்றி, அழகான சொல். ஆனால் அது பாலை நிலத்து வழி. வெயில், பட்ட மரம், வழிப்பறிக் கள்வர். வாய்க்கால் ஓரம் மரநிழலில், காப்பிக்கடை வரும் வரை மெதுவாக மிதித்துப் போகிறவருக்கு அந்தப் பெயரைக் கொடுத்தால் பயந்துவிடுவார்.

இனி என் பரிந்துரை: இட்டேரி. நான் மதுரைப் பக்கம், சொந்த ஊர்ப் பாசம் என்று யாரும் சொல்ல முடியாது. கொங்கு நாட்டில் இருபுறமும் கிளுவை வேலி, நடுவில் ஆளும் மாடும் மாட்டுவண்டியும் போகிற தடம். பிரெஞ்சு வரையறையின் மூன்று பேரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: நடப்பவர், விலங்கோடு வருபவர், மோட்டார் இல்லாத வண்டி. அப்படியே பொருந்துகிறது.

மறுப்புகள் எனக்கும் தெரியும். இன்று இட்டேரியில் பைக் பறக்கிறது, பல இட்டேரிகளுக்குத் தார் போட்டாயிற்று. உண்மைதான், ஆனால் சொல்லைக் கேட்டதும் மனதில் எழுவது இன்னும் வேலியும் மாடும்தான். கொங்குக்கு வெளியே புரியாது என்றால், பாசா பயீஸ் என்பதும் அந்தப் பகுதியின் ஒக்சித்தான் மொழிப் பெயர்தான். பாரிஸ்காரருக்குப் புரியாமலா போயிற்று? ‘இட்டேரியில் சுரங்கம் உண்டா’ என்று ஒருவர் கிண்டலாகக் கேட்டிருந்தார். க்ளூனியிலிருந்து மக்கோன் போகும் வழியில் 1.6 கிலோமீட்டர் நீளத்துக்கு புவா க்ளேர் ரயில் சுரங்கம் இருக்கிறது. குளிர்காலத்தில் வௌவால்களுக்காக அதை மூடிவிட்டு, ஆட்களை மலை மேல் ஏறிப் போகச் சொல்கிறார்கள். இதையெல்லாம் ஒரு சொல் சுமக்க வேண்டியதில்லை.

பிரான்சின் வடமேற்கு மூலையான பிரித்தானியில் வேலிகளுக்கு நடுவே தாழ்ந்து போகும் பழைய மண்தடங்களுக்குத்தான் இட்டேரி என்பது முதலில் பொருந்தும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அவற்றுக்குத் தனிப் பலகையோ தனிச் சட்டமோ இல்லை. வரைபடத்தில் ‘பள்ளத்தடம்’ என்றால் போதும்.

வாய்க்கால் கரைக்கு வருகிறேன். நாந்த்–பிரெஸ்த் கால்வாய் 360 கிலோமீட்டர் சொச்சம். ஆங்கிலேயர் கடலை முற்றுகையிட்டதால் உள்நாட்டு நீர்வழி வேண்டும் என்று நெப்போலியன் காலத்தில், 1811இல் தோண்டத் தொடங்கி 1842இல் முடித்தார்கள். க்ளோமேல் என்ற ஊரில் மேட்டைப் பிளந்த பெரிய வெட்டில் கைதிகள் வேலை செய்தார்கள். கரையோரம் குதிரையும் சில வேளை மனிதர்களும் படகைக் கயிற்றால் இழுத்துப் போன பாதையில்தான் இன்று சைக்கிள் போகிறது. படகை ஏற்றி இறக்கும் மதகு வரும் இடமெல்லாம் சட்டென்று ஒரு சின்ன ஏற்றம், மறுபடி சமதளம். இதற்கு வந்த ‘கால்வாய்க்கரைப் பாதை’ தவறில்லை, ஆனால் எல்லாக் கால்வாய்க்கரையும் இழுக்கும் பாதை இல்லையே. ‘இழுகரை’ என்று வைக்கலாம். வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி: இழுத்த கரை, இழுக்கும் கரை. பக்கிங்காம் கால்வாயில் தோணிகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்த கதைகளை எழுதும்போதும் உதவும்.

நெடுந்தூரத் தடங்களுக்கு, அதாவது நோர்மாந்திக் கடற்கரையிலிருந்து லா ரோஷேல் வரை போகும் வெலோ பிரான்செத் போன்றவற்றுக்கு, ‘சைக்கிள் நெடுவழி’ என்பதை ஏற்கிறேன். ஒரு எச்சரிக்கைக் குறிப்பு மட்டும் கட்டாயம் வேண்டும்: நெடுவழி முழுவதும் இட்டேரி அல்ல, இடையிடையே கார் ஓடும் ஊர்ச்சாலையும் வரும். இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்விடக் கூடாது.

கடைசியாக, சமதளம்போல் தோன்றும் லேசான ஏற்றத்துக்கான பிரெஞ்சுச் சொல் ‘ஃபோ ப்ளா’. பழைய ரயில் பாதைகளில் ஏற்றம் பெரும்பாலும் மூன்று விழுக்காட்டைத் தாண்டாது. கண்ணுக்குச் சமதளம், தொடைக்கு மட்டும் தெரியும் மேடு. ‘போலிச் சமதளம்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்ததை எடுத்துவிட்டு, நேற்று ஓர் அக்கா போகிற போக்கில் எழுதிய ‘கள்ளமேடு’ என்பதைப் போட்டிருக்கிறேன். மறுப்பு எதுவும் வரும் என்று தோன்றவில்லை.

அன்புடன்.