லடாக் முதல்முறை: லேவுக்கு விமானமா, ஸ்ரீநகர் வழி சாலையா?

கேள்வி: ஜூன் கடைசியில் சென்னையிலிருந்து கிளம்புகிறோம், எட்டு நாள். அம்மாவுக்கு 60 வயது. எந்த வழி தேவலை? போன் எடுக்குமா?

பதில்கள் (பயனர் பெயர்களுடன்):

மலைப்பாதை: சாலைதான். ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர், கார்கில் 2,700, லே 3,500. உடம்பு படிப்படியாகப் பழகும். திரும்பும்போது லேயிலிருந்து விமானம் பிடியுங்கள், நாள் மிச்சம்.

ஊர்சுற்றி: விமானத்தில் போவதானால் முதல் 48 மணி நேரம் லேயிலேயே ஓய்வு. அப்புறம் நுப்ரா பள்ளத்தாக்கு; வழியில் கர்துங் லா கணவாயில் போட்டோவுக்குப் பத்து நிமிஷம் போதும். 4,200 மீட்டருக்கு மேல் இருக்கும் பாங்காங் ஏரியில் தங்குவது கடைசியில். பலர் இதைத் தலைகீழாக்கித்தான் அவதிப்படுகிறார்கள். உட்கார்ந்திருந்தும் மூச்சு வாங்கினால் உடனே கீழே இறக்கணும். அம்மாவுக்கு அசிட்டசோலமைடு (மலை உயரத்தால் வரும் உபாதையைத் தடுக்கும் மாத்திரை) டாக்டரைக் கேட்டு மட்டும்; சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.

ரயில்பெட்டி: நம்மூர் ப்ரீபெய்டு சிம் அங்கே எடுக்காது. போஸ்ட்பெய்டுக்கு இப்போதே மாறுங்கள்.