பூஸ்ட் ஏறும்போது லீன் ஆகிறது: 4 பார் ரெகுலேட்டர் போடுவதா, பம்ப்பை மாற்றுவதா?

அல்சூர்வாசி:

அனைவருக்கும் வணக்கம். 1.8 லிட்டர், 20 வால்வு டர்போ பெட்ரோல் எஞ்சின் கொண்ட பழைய செடான் ஒன்றை பெங்களூருவில் ஓட்டி வருகிறேன். போர்ட் இன்ஜெக்‌ஷன், ரிட்டர்ன் லைன் (மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் குழாய்) உள்ள அமைப்பு, 3 பார் ரெகுலேட்டர் (பெட்ரோல் அழுத்தத்தை நிலையாகப் பிடித்து வைப்பது). வண்டி 1,40,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது; பெட்ரோல் பம்ப் மட்டும் கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்ததே. சென்ற ஆண்டு நிமிடத்துக்கு 440 மி.லி. தரும் இன்ஜெக்டர்களையும் பெரிய இன்டர்கூலரையும் பொருத்தி, அவற்றுக்கேற்ப ஈ.சி.யூ.வை (எஞ்சின் கம்ப்யூட்டரை) ரீமேப் செய்துகொண்டேன். பூஸ்ட் (டர்போ கூட்டும் காற்றழுத்தம்), மெக்கானிக்கல் கண்ட்ரோலர் வழியாக 1 பாரில் நிற்கிறது.

ஐடிலிலும் சாதாரண ஓட்டத்திலும் எந்தக் குறையும் இல்லை. ஃபியூயல் ட்ரிம் (பெட்ரோல் அளவில் கம்ப்யூட்டர் செய்யும் திருத்தம்) இரண்டு மூன்று சதவீதத்துக்குள்ளேயே இருக்கிறது. முழு ஆக்சிலரேட்டரில் மூன்றாவது கியரில் போகும்போதுதான் சிக்கல். காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் 12.1-இல் தொடங்கி, 5,400 ஆர்.பி.எம்.முக்கு மேல் மெல்ல மெல்ல ஏறி 14-ஐத் தொடுகிறது, அதாவது பெட்ரோல் குறைந்து லீன் ஆகிறது. உடனே காலை எடுத்துவிடுகிறேன். ஒன்று விசித்திரமாக இருக்கிறது. சென்னைக்குப் போகும்போது, ஸ்ரீபெரும்புதூரை நெருங்கும் பகுதியில், இதே ஏற்றம் 4,900-இலேயே தொடங்கிவிடுகிறது.

4 பார் ரெகுலேட்டர் போட்டால் சரியாகிவிடும் என்று ஜே.சி. ரோட்டில் ஒரு கடைக்காரர் சொன்னார். இன்னொருவர் மணிக்கு 255 லிட்டர் தரும் பம்ப்பை வாங்கச் சொல்கிறார். எதைச் செய்வது?

மல்லேஸ்வரம் டியூனர்:

நண்பரே, முதலில் ஒரு வேண்டுகோள்: காரணம் தெரியும் வரை பூஸ்ட்டை வேஸ்ட்கேட்டின் (டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வின்) இயல்பான அளவுக்கு இறக்கி வையுங்கள். உங்கள் மீட்டரில் 14 என்பது லாம்டா 0.95 (லாம்டா 1 என்றால் பெட்ரோல் முழுதாக எரியத் தேவையான காற்று சரியாக இருக்கிறது; அதற்குக் கீழே என்றால் பெட்ரோல் கூடுதல்). ஒரு பார் பூஸ்ட்டில் அந்த நிலையில் சில விநாடிகள் நீடித்தாலே நாக்கிங் (கலவை தானாகவே வெடித்து எரிவது) தொடங்கி, பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்துபோகும்.

நீங்கள் கொடுத்த தகவல்களிலேயே பாதி விடை இருக்கிறது. ரீமேப்பில் இன்ஜெக்டர் அளவு தவறாகப் பதிவாகியிருந்தால் சாதாரண ஓட்டத்திலும் ட்ரிம் விலகியிருக்கும்; அது விலகவில்லை. ஆகவே கணக்கு சரி, கணக்கிட்ட பெட்ரோல்தான் வந்து சேரவில்லை என்று தோன்றுகிறது. ஏர்ஃப்ளோ சென்சார் தன் எல்லையை எட்டி, அதற்கு மேல் வரும் காற்றைப் பார்க்காமல் விட்டாலும் இதே அறிகுறி தெரியும் என்பதால், அதை ஒதுக்கிவிட ஒரு லாக் (சென்சார் பதிவு) எடுத்துப் பாருங்கள்: ஆர்.பி.எம். ஏற ஏற காற்றின் அளவும் ஏறுகிறதா, ஏதோ ஓர் எண்ணில் சமதளமாக நிற்கிறதா?

சென்னை விஷயம் எனக்கு மிகவும் பயனுள்ள குறிப்பாகப் படுகிறது. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 0.91 பார், சென்னைப் பக்கம் 1.01 பார். மெக்கானிக்கல் கண்ட்ரோலர் வெளிக்காற்றை அடிப்படையாக வைத்தே 1 பார் கூட்டுகிறது. அதனால் இங்கே மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயில்) இருக்கும் மொத்த அழுத்தம் 1.91 என்றால் அங்கே 2.01. ஐந்து சதவீதம் கூடுதல் காற்று, அதே அளவுக்குக் கூடுதல் பெட்ரோல். (சென்னையின் வெயிலில் காற்று சற்று அடர்த்தி குறையும் என்பதால் உண்மையான வித்தியாசம் கொஞ்சம் குறைவாக இருக்கலாம்.) தேவை கூடிய இடத்தில் சிக்கல் முன்கூட்டியே தலைகாட்டுகிறது என்றால், வழங்கல் ஏதோ ஓர் உச்சவரம்பில் முட்டி நிற்கிறது. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் ரெயிலின் அழுத்தத்தை அளக்காமல் எந்தப் பொருளையும் வாங்காதீர்கள்.

ஜாலஹள்ளி மெக்கானிக்:

டியூனர் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். அந்த 4 பார் ரெகுலேட்டர் யோசனை ஏன் தவறு என்பதை மட்டும் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்டு எஞ்சினைக் கெடுத்துக்கொண்டவர்களின் வண்டிகள் என் ஷெட்டுக்கு வந்திருக்கின்றன.

இன்ஜெக்டர் தரும் பெட்ரோல், அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியே கூடும். 3 பாரில் 440 மி.லி. தரும் இன்ஜெக்டர் 4 பாரில் சுமார் 508 தரும் என்பது தாளில் சரிதான். ஆனால் பம்ப் தரும் அளவோ அழுத்தம் கூடக்கூடக் குறைந்துகொண்டே போகும். ரெகுலேட்டர் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை; பம்ப் அனுப்பியதில் மிச்சமானதை ரிட்டர்ன் லைன் வழியே டேங்குக்குத் திருப்பி, அழுத்தத்தை ஒரு நிலையில் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. திருப்புவதற்கு மிச்சமே இல்லாத நிலையில் எத்தனை பார் ரெகுலேட்டர் போட்டாலும் பயனில்லை. அதோடு, பம்ப்புக்கு எப்போதும் சுமை கூடும், கரண்ட் கூடுதலாக இழுக்கும், ஏற்கெனவே களைத்த பம்ப் இன்னும் சீக்கிரம் கையை விரிக்கும். இன்ஜெக்டர் அதன் எல்லையைத் தொட்டு, பம்ப்பில் இடம் மீதமிருக்கும் வண்டிக்கு அது பொருந்தும். உங்கள் வண்டி அதற்கு நேர்மாறாக இருக்கும் என்பது என் ஊகம்.

அளக்கும் முறை: ஐடிலில் ரெகுலேட்டரின் வேக்யூம் ஹோஸைக் கழற்றினால் 3 பார் காட்ட வேண்டும், மாட்டினால் சுமார் அரை பார் இறங்க வேண்டும். 1 பார் பூஸ்ட்டில் 4 பார் நிற்க வேண்டும், ஏனென்றால் ரெயிலுக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் எப்போதும் 3 ஆக இருப்பதுதான் கணக்கு. பெட்ரோல் ஹோஸை எக்காரணம் கொண்டும் வண்டிக்குள் கொண்டு வந்து மீட்டர் மாட்டாதீர்கள். ரெயிலில் எலக்ட்ரானிக் சென்சார் போட்டு, வயரை மட்டும் உள்ளே எடுங்கள். இந்தச் சோதனையை நைஸ் ரோடு போன்ற பொதுச் சாலையில் செய்ய வேண்டாம், டைனோவில் (வண்டியை உருளைகள் மேல் நிறுத்தி ஓட்டும் சோதனை மேடையில்) செய்யுங்கள்.

பின் சீட்டுக்கு அடியில் பம்ப் கனெக்டரில் வோல்டேஜையும், சுமையோடு இருக்கும்போதே, பார்த்துவிடுங்கள். பழைய வண்டிகளில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

அல்சூர்வாசி:

இருவருக்கும் நன்றி. டைனோவில் அளந்துவிட்டேன்.

காற்றின் அளவு சமதளமாக நிற்கவில்லை. விநாடிக்கு 172 கிராம் வரை சீராக ஏறுகிறது. ஐடிலில் ஹோஸ் இல்லாமல் 3.0, ஹோஸுடன் 2.5. ஆனால் 5,400-க்கு மேல் பூஸ்ட் 1 பாரில் நிற்கும்போது, ரெயில் அழுத்தம் 4.0-இலிருந்து சரிந்து 3.2-க்கு வந்துவிடுகிறது. பேட்டரியில் 13.9 வோல்ட் இருக்கும் அதே நேரத்தில் பம்ப் கனெக்டரில் 11.2 வோல்ட்தான்.

மல்லேஸ்வரம் டியூனர்:

எண்கள் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன. 3.2-இலிருந்து பூஸ்ட்டைக் கழித்தால் இன்ஜெக்டருக்குக் கிடைக்கும் வித்தியாசம் 2.2 பார். அந்த அழுத்தத்தில் 440 மி.லி. இன்ஜெக்டர் தருவது சுமார் 377, அதாவது 14 சதவீதம் குறைவு. லாம்டா 0.82-ஐ அந்த விகிதத்தில் ஏற்றினால் 0.95-ஐ ஒட்டி வருகிறது. உங்கள் மீட்டர் காட்டியதும் அதுவே. வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

இன்ஜெக்டர் போதுமா என்பதையும் பார்த்துவிடலாம். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் (2023 பிப்ரவரியில் அதை அறிமுகம் செய்த விழாவே நம் பெங்களூருவில்தான் நடந்தது). தூய பெட்ரோலுக்குக் காற்று விகிதம் 14.7 என்றால் இதற்குச் சுமார் 13.5. லாம்டா 0.82-க்கு அது 11.1 ஆகிறது. 172 கிராம் காற்றுக்கு விநாடிக்கு 15.5 கிராம், மணிக்கு ஏறத்தாழ 75 லிட்டர், ஓர் இன்ஜெக்டருக்கு நிமிடத்துக்கு 310 மி.லி. ஆக உங்கள் இன்ஜெக்டர்கள் 70 சதவீதத்தில்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும்; 85-ஐத் தாண்டாத வரை கவலையில்லை. சென்னைக்குப் போனாலும் இடம் இருக்கிறது. அவற்றை மாற்றச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதீர்கள்.

மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அது அளப்பது லாம்டாவைத்தான், அதை 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு இருந்தாலும் 12.1 என்றால் லாம்டா 0.82 என்றே கொள்ளுங்கள்.

ஜாலஹள்ளி மெக்கானிக்:

வழியில் 2.7 வோல்ட் தொலைகிறது. பாசிட்டிவ் பக்கம் எவ்வளவு, எர்த் பக்கம் எவ்வளவு என்று தனித்தனியே அளங்கள். பலர் எர்த்தை மறந்துவிடுகிறார்கள்.

தீர்வு, டிக்கியில் ஒரு தனி ரிலே. பேட்டரியிலிருந்து 4 சதுர மி.மீ. வயர் ஒன்றை, பேட்டரியை ஒட்டியே 20 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, பின்னால் இழுத்து வாருங்கள். எர்த்தை பெயின்ட் சுரண்டிய பாடியில் புதிதாகப் போடுங்கள். பழைய பம்ப் வயர் ரிலேயின் காயிலை மட்டும் இயக்கட்டும். இந்தக் கடைசி விஷயத்தில் சமரசம் கூடாது: இக்னிஷன் சுவிட்சிலிருந்து நேராக இழுத்தால், விபத்தில் எஞ்சின் நின்ற பிறகும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், அறுந்த ஹோஸ் வழியே பெட்ரோல் கொட்டும். ஈ.சி.யூ. பம்ப்பை நிறுத்தும் வசதி அப்படியே இருக்க வேண்டும்.

அதோடு வண்டிக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

அல்சூர்வாசி:

பாசிட்டிவ் பக்கம் 1.9, எர்த் பக்கம் 0.8 வோல்ட் இழப்பு இருந்தது. ரிலேயும் புது எர்த்தும் போட்ட பிறகு கனெக்டரில் 13.4 வோல்ட் வருகிறது. அதே டைனோவில், அதே 1 பாரில் ரெயில் அழுத்தம் 3.7 வரை தாங்கியது. ஃபில்டர் மாற்றிய பின் 3.9. கழற்றிய ஃபில்டரைக் கவிழ்த்தபோது முதலில் வந்தது கரும்பழுப்பு நிறப் பெட்ரோல், அடியில் மணலைப் போலப் பொடி. வைட்பேண்ட் இப்போது உச்சத்தில் 12.3-க்கு மேல் போகவில்லை.

இப்போதும் பம்ப் மாற்ற வேண்டுமா?

மல்லேஸ்வரம் டியூனர்:

மாற்றுங்கள் என்பதே என் கருத்து. 4.0-க்குப் பதில் 3.9 என்றால், பெங்களூருவின் மெல்லிய காற்றிலேயே பம்ப் தன் முழு பலத்தையும் கொடுத்துவிட்டது, ரிட்டர்னுக்கு மிச்சமில்லை. சென்னை இறக்கத்தில் அந்த ஐந்து சதவீதம் மறுபடியும் கேட்கும். இப்போது நல்ல வயரிங் இருப்பதால், வாங்கும் பம்ப் அதன் முழு அளவைத் தரும். முன்பே வாங்கியிருந்தால் அதுவும் 11 வோல்ட்டிலேயே மூச்சுத் திணறியிருக்கும்.

மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியை மாற்றி அமைப்பதில் கண்டிப்பானது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஜாலஹள்ளி மெக்கானிக்:

பம்ப் மாற்றும்போது டேங்குக்குள் போடும் ஹோஸில் கவனம் தேவை. சாதாரண இன்ஜெக்‌ஷன் ஹோஸ் உள்பக்கத்தில் மட்டுமே பெட்ரோலைத் தாங்கும். பெட்ரோலில் மூழ்கிக் கிடந்தால், அதுவும் எத்தனால் கலந்ததில், வெளிப்பக்கம் ஊறி உப்பிக் கழன்றுவிடும். மூழ்கிக் கிடப்பதற்கென்றே வரும் ஆர்10 தர ஹோஸையே கேட்டு வாங்குங்கள்.

பொருத்தியதும் முதல் வேலையாக ஐடிலில் வேக்யூம் ஹோஸைக் கழற்றி அழுத்தத்தைப் பாருங்கள். 3.0 காட்டினால் சரி. 3.3, 3.4 என்று காட்டினால், பெரிய பம்ப் அனுப்பும் அளவைப் பழைய ரெகுலேட்டரோ ரிட்டர்ன் லைனோ திருப்பி அனுப்ப முடியவில்லை என்று பொருள்; அப்போது ரீமேப்பைத் தொடாமல், அடைப்பு ரெகுலேட்டரிலா ரிட்டர்ன் பைப்பிலா என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.