பின்னொளித் திரையும் தன்னொளித் திரையும்

வணக்கம் ஐயா,

உங்கள் கலைச்சொல் பட்டியலில் 'எல்.இ.டி. டி.வி.'க்கு 'ஒளியுமிழ் இருமுனையத் தொலைக்காட்சி' என்று தந்திருக்கிறீர்கள். சொல்லாக்கம் சரி, ஆனால் மூலப்பெயரே கோணல். கடையில் அந்தப் பெயரில் விற்பது எல்.சி.டி., அதாவது நீர்மப் படிகத் திரைதான். திரைக்குப் பின்னாலிருந்த மெல்லிய குழல்விளக்குகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. விளக்குகளை வைத்தார்கள், பெயரை மாற்றிவிட்டார்கள். படத்தைக் காட்டுவது இன்றும் நீர்மப் படிகமே. விற்பனைக்காக வைத்த பெயரை நாம் ஏன் மெனக்கெட்டுத் தமிழாக்க வேண்டும்?

ஒளி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துப் பெயர் வைக்கலாம். பின்னாலிருந்து வந்தால் பின்னொளித் திரை. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்தால் தன்னொளித் திரை. கரிமப் பொருளாலான புள்ளிகள் ஒளிரும் ஓ.எல்.இ.டி. இந்த வகை, வழக்கொழிந்த பிளாஸ்மாவும் அப்படியே. அட, பரணில் கிடக்கும் பழைய பிக்சர் டியூப் பெட்டிகூடத் தன்னொளிதான்!

கியூ.எல்.இ.டி.க்கும் ஓ.எல்.இ.டி.க்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால் முன்னது எல்.சி.டி.யில் ஒரு வகை, அதாவது பின்னொளி. இருட்டறையில் இராக்காட்சி ஓடும்போது பாருங்கள். பின்னொளி லேசாகக் கசிந்து கறுப்பு சாம்பலாகிவிடும். தன்னொளியில் புள்ளியே அணைந்துவிடுவதால் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். பகலில் சன்னல் திறந்த கூடத்தில் பார்ப்பவருக்கு இதெல்லாம் பெரிதாகத் தெரியாது, விலை குறைந்த பின்னொளியே போதும். கடைக்காரரிடம் 'பின்னொளியா, தன்னொளியா?' என்று ஒரே கேள்வியில் கேட்டுவிடலாம்.

தியேட்டர் இரண்டிலும் சேராது. அங்கே படவீழ்த்தி (புரொஜெக்டர்) வீசும் ஒளி திரையில் பட்டுத் திரும்புகிறது. 'வீழொளி' என்று வைத்துக்கொள்வோமா? 2017இல் சியோலில் ஒரு திரையரங்கில் படவீழ்த்தியே இல்லாமல், 10 மீட்டருக்கு மேல் அகலமான எல்.இ.டி. திரையைச் சாம்சங் நிறுவியது. அதில் எல்.இ.டி.களே படப்புள்ளிகள். உங்கள் 'ஒளியுமிழ் இருமுனையம்' பொருந்துவது அதற்குத்தான்!

'தானொளிர் திரை' என்று இன்னொரு நண்பர் சொன்னதும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தன்னாட்சி, தன்னம்பிக்கை என்று பழகிய நாவுக்குத் தன்னொளி எளிது; பின்னொளியோடு எதுகையும் அமைகிறது.

அப்புறம் ஒன்று. செய்திச் சேனலை நாள் முழுக்க ஓடவிட்டால் அதன் சின்னம் தன்னொளித் திரையில் நிழலாகப் பதிந்துவிடுவதுண்டு. ஆங்கிலத்தில் இது 'பர்ன்-இன்'. அதை அப்படியே 'எரிபதிவு' என்றால் தீப்பிடித்ததுபோல் இருக்கிறது. நான் 'படத்தழும்பு' என்கிறேன். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?