ராபீட்டா, டைகர் மாத்தா? ('பெரிய வீடு' குழு)

[காலை 9:14] மீனா: சித்தப்பா, ஞாயித்துக்கிழமை பழைய விமானக் கண்காட்சிக்குப் போறோம். சவாரியும் உண்டாம். டைகர் மாத் இல்லைன்னா டிராகன் ராபீட். பெரியவனுக்கு ஆறு வயசு, சின்னவளுக்கு ஒண்ணரை. எதுல ஏத்தலாம்?

[காலை 9:20] சுந்தர் சித்தப்பா: பெரியவனுக்கு ராபீட். சின்னவ தரையிலயே இருக்கட்டும்.

[காலை 9:21] கார்த்தி: டைகர் மாத் தான் கெத்து சித்தப்பா 😀 திறந்த காக்பிட், மூஞ்சில காத்து!

[காலை 9:28] சுந்தர் சித்தப்பா: கெத்தெல்லாம் உனக்கு. அதுல பைலட் பின் சீட்டு, பயணி முன் சீட்டு. ஆறு வயசுப் பையன் உள்ள அமிழ்ந்துபோயிடுவான், விளிம்புக்கு மேல கண்ணே எட்டாது. ஹார்னஸ், அதாவது உடம்பைக் கட்டுற பட்டை, பெரியவங்க அளவுக்குப் பண்ணது. அடியில குஷன் போட்டு உசத்தினா, குஷன் அமுங்க அமுங்க பட்டை தளரும், இடுப்புல இருக்கவேண்டியது வயித்துக்கு ஏறும். அவன் அழுதாலும் வாந்தி எடுத்தாலும் பின்னாடி இருக்கிறவர் கை எட்டாது.

[காலை 9:30] சுந்தர் சித்தப்பா: இன்னொண்ணு. முன் காக்பிட்லயும் ஸ்டிக் (கையால ஓட்டுற தடி), ரடர் பார் (வால் சுக்கானைத் திருப்புற கால் கம்பி) ரெண்டும் இருக்கு. ஸ்டிக்கைக் கழட்டி வச்சிடலாம். ஆனா பையன் கையில இருக்கிற பொம்மைக் காரோ உன் போனோ நழுவி கண்ட்ரோல் கம்பி ஓடுற இடத்துல மாட்டிக்கிச்சுன்னா எடுக்கவே முடியாது. எந்தப் பழைய விமானமா இருந்தாலும் ஏறுறதுக்கு முன்னாடி பாக்கெட்டைக் காலி பண்ணிடு.

[காலை 9:31] மீனா: அப்போ ராபீட்டே சரி. அதுல என்ன விசேஷம்?

[காலை 9:37] சுந்தர் சித்தப்பா: 1934ல முதல்ல பறந்தது. மரச்சட்டம், மேல துணி, ரெண்டு அடுக்கு இறக்கை. ரெண்டு ஜிப்ஸி சிக்ஸ் எஞ்சின், ஒவ்வொண்ணும் 200 குதிரைத்திறன். மூடின கேபின், எட்டுப் பேர் வரைக்கும் உட்காரலாம், நீயும் கூடவே இருக்கலாம். பைலட் மூக்குல தனியா உட்கார்ந்திருப்பார். வால் தரையில படிஞ்சு நிக்கிற விமானம், அதனால உள்ள நடக்கிறதே மேடு ஏறுற மாதிரி. பையன் கையைப் பிடிச்சுக்கோ. இறக்கையில கால் வைக்கலாம்னு கோடு போட்ட இடம் தவிர மீதியெல்லாம் துணி, விரலால அழுத்தினாக்கூட சேதம்.

[காலை 9:38] சுந்தர் சித்தப்பா: எடை கேட்டா உண்மையைச் சொல்லு 😄 அதை வச்சுத்தான் யார் எங்கன்னு உட்கார வைப்பாங்க. நடுவுல சீட் மாத்திக்கக் கூடாது.

[காலை 9:44] மீனா: சின்னவளை மடியில வச்சுக்கக் கூடாதா? பெரிய விமானத்துல விடுறாங்களே.

[காலை 9:49] கார்த்தி: விடுறாங்க அக்கா, ஆனா அது பாதுகாப்புன்னு அர்த்தம் இல்ல. திடீர்னு குலுங்கினா கை பிடிப்பு நிக்காது. ஏர்லைன் சீட்டுக்குன்னே கேர்ஸ்னு ஒரு பட்டை இருக்கு, 10 முதல் 20 கிலோ வரைக்கும், உயரம் 100 செ.மீ.க்குள்ள. அது சீட்டோட முதுகைச் சுத்திக் கட்டுறது. பழைய விமானத்துச் சீட்டுக்கு ஒத்து வராது.

[காலை 10:05] மீனா: வசந்தி அத்தை, இறங்கும்போது காது வலிக்குமே. இதுல எப்படி?

[காலை 10:18] வசந்தி அத்தை: ஏறும்போது நடுக்காதுல இருக்கிற காத்து தானா வெளிய வந்துடும். இறங்கும்போதுதான் உள்ள போகணும், நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கிற குழாய் ஒரு பக்கமே திறக்கிற கதவு மாதிரி மூடிக்கும். சின்னக் குழந்தைகளுக்குக் குழாய் குறுகல், படுக்கைவாட்டமும்கூட. ஜெட் விமானக் கேபினுக்குள்ள காத்தழுத்தம் 8000 அடி உயரம் வரைக்கும் இருக்கிற மாதிரி வைப்பாங்க. தரையை விடக் கால் பங்கு கம்மி. ராபீட் 1500 அடியில பறந்தா வித்தியாசம் ஐந்து சதவீதம்தான்.

[காலை 10:19] மீனா: அப்போ பிரச்சினை இல்லையா?

[காலை 10:24] கார்த்தி: முழுசா அப்படிச் சொல்ல முடியாது. ஜெட்ல கேபின் அழுத்தத்தை நிமிஷத்துக்கு 300, 350 அடி கணக்குல மெதுவாத்தான் ஏத்துவாங்க. பழைய விமானத்துல அந்த வசதியே கிடையாது, விமானம் எவ்வளவு வேகமா இறங்குதோ காதும் அவ்வளவு வேகமா இறங்கும். நிமிஷத்துக்கு 500 அடி சாதாரணம். கிளம்புறதுக்கு முன்னாடியே பைலட்கிட்ட "குழந்தை இருக்கான், 300ல இறக்குங்க"ன்னு கேளுங்க. 1500 அடிக்கு மூணு நிமிஷத்துக்குப் பதிலா அஞ்சு நிமிஷம் ஆகும், அவ்வளவுதான்.

[காலை 10:29] வசந்தி அத்தை: இறங்க ஆரம்பிச்சதும் வாய் வாயா தண்ணி குடிக்கச் சொல்லு, கொட்டாவி விடச் சொல்லு. மூக்கைப் பொத்திப் பலமா ஊதச் சொல்லாதே. சளி, மூக்கடைப்பு, காதுச் சீழ் இருந்தா அன்னைக்கு ஏத்தவே வேணாம். சத்தத்துக்குக் காதுக்குள்ள பஞ்சோ ரப்பரோ அடைக்காதே, அது இறுக்கமா இருந்தா இறங்கும்போது செவிப்பறையை உறிஞ்சும். வெளியில மூடுற இயர்மஃப் போடு. குழந்தை அளவு. வீட்டுலயே ரெண்டு நாள் போட்டுப் பழக்கு. தொப்பியோட விளிம்பும் கண்ணாடிக் காம்பும் ஊடால போனா சத்தம் உள்ள வந்துடும்.

[காலை 10:40] ராமு மாமா: ↪️ பல முறை அனுப்பப்பட்டது: "விமான ஜன்னல் ஏன் வட்டம் தெரியுமா? முதல் ஜெட் பயணிகள் விமானம் காமெட்ல ஜன்னல் சதுரமா இருந்ததால வானத்திலேயே வெடிச்சுது!!!"

[காலை 10:52] சுந்தர் சித்தப்பா: மாமா, பாதிதான் சரி. காமெட் 1952 மே 2 அன்னைக்குப் பயணிகளோட சேவைக்கு வந்தது. 1954 ஜனவரில ஒண்ணு எல்பா தீவுக்குப் பக்கத்துல, ஏப்ரல்ல இன்னொண்ணு நேப்பிள்ஸ் பக்கம் கடல்ல விழுந்தது. இங்கிலாந்துல ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்துல ஒரு முழு காமெட் உடம்பைத் தண்ணித் தொட்டிக்குள்ள வச்சு, அழுத்தத்தை ஏத்தி இறக்கி ஏத்தி இறக்கிச் சோதிச்சாங்க. உலோகம் அயர்ந்து பிளந்துச்சு. கடல்ல எடுத்த எல்பா விமானத்துத் துண்டுகள்ல பிளவு தொடங்கினது பயணிகள் ஜன்னல்லயே இல்ல. கூரையில ரேடியோ ஆன்டெனாவுக்கு வெட்டின திறப்பு ஓரத்துல, ஒரு சின்ன ஓட்டைக்கிட்ட. பயணிகள் ஜன்னலும் சுத்த சதுரம் கிடையாது, மூலை வளைஞ்சுதான் இருந்துச்சு. மூலையில அழுத்தம் குவியும்கிறது உண்மை. மெல்லிசுத் தகடு, ரிவெட் (தகடுகளை இணைக்கிற ஆணி) அடிச்ச விதம், எல்லாம் சேர்ந்துதான் பிளந்தது.

[காலை 10:54] ராமு மாமா: 🙏

[காலை 10:55] மீனா: பெரியவன் கேக்குறான், ஏர்லைன் ஜன்னல்ல ஏன் ஒரு குட்டி ஓட்டை?

[காலை 11:01] கார்த்தி: சரியான கேள்வி! கண்ணாடி மாதிரி தெரியுறது அக்ரிலிக், அடுக்கடுக்கா இருக்கும். ஓட்டை இருக்கிறது நடு அடுக்குல. அது வழியா கேபின் காத்து போறதால அழுத்தத்தைத் தாங்குற வேலை வெளி அடுக்குக்கு மட்டும். வெளி அடுக்கு உடைஞ்சா நடு அடுக்கு தாங்கும். பனி படியாம இருக்கவும் உதவும். ராபீட் ஜன்னல்ல அந்த ஓட்டையைத் தேட வேணாம்னு சொல்லுங்க, அங்க அழுத்தமே ஏத்துறதில்லையே.

[காலை 11:15] சுந்தர் சித்தப்பா: மீனா, சவாரி 15 நிமிஷம் போதும். ஆனா தரையில ஒரு மணி நேரம் நில்லுங்க. டக்கோட்டாங்கிற பழைய ரெட்டை எஞ்சின் விமானம் வந்திருந்தா எஞ்சின் ஸ்டார்ட் பண்றதைப் பாக்காம வராதீங்க. 14 சிலிண்டர், வட்டமா. நிறுத்தி வச்சா ஆயில் கீழ் சிலிண்டர்களுக்கு வடியும். அப்படியே ஸ்டார்ட்டரை அழுத்தினா, ஆயிலை நசுக்க முடியாம பிஸ்டனைப் பிடிச்சிருக்கிற கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். அதனால ஆளுங்க பிளேடைக் கையால தள்ளி எண்ணிக்கிட்டே சுத்துவாங்க. கிராங்க் ஷாஃப்ட் (எஞ்சினோட சுழல் தண்டு) ரெண்டு முழுச் சுத்து வந்தாத்தான் எல்லா சிலிண்டரும் ஒரு தடவை அழுத்தத்துக்கு வரும். நடுவுல கெட்டியா நின்னா வலுக்கட்டாயமாத் தள்ளக் கூடாது. கீழ் சிலிண்டர் ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி ஆயிலை வடிக்கணும். ஸ்டார்ட் ஆனதும் வெள்ளைப் புகை குபுகுபுன்னு வரும், பயப்படாதேன்னு பையன்கிட்ட முன்னாடியே சொல்லிடு.

[காலை 11:18] சுந்தர் சித்தப்பா: டேங்க் அடியில இருந்து பெட்ரோல் பிடிச்சுப் பாக்குறதையும் காட்டச் சொல்லு. கண்ணாடிக் குவளையில இளநீல பெட்ரோல், அடியில தண்ணி இருந்தா நிறமில்லாம முத்து முத்தா உருளும். பையன் பாக்கட்டும், தொட வேணாம். அதுல ஈயம் கலந்திருக்கு. பட்டுட்டா சோப்புப் போட்டுக் கழுவு.

[காலை 11:20] கார்த்தி: புரொப்பெல்லர் பக்கம் மட்டும் விடவே கூடாது அக்கா. நின்னுக்கிட்டிருந்தாலும்! எஞ்சினோட சுத்துற மேக்னட்டோங்கிற சின்ன மின்கருவி தானே பொறி உண்டாக்கும், பேட்டரி தேவையில்ல. அதை அணைக்கிற ஒயர் அறுந்திருந்தா, சுவிட்ச் ஆஃப்ல இருந்தாலும் பிளேடை அசைச்சா எஞ்சின் பிடிச்சுடும்.

[காலை 11:34] மீனா: நடத்துறவங்ககிட்ட வேற என்ன கேக்கணும்?

[காலை 11:46] சுந்தர் சித்தப்பா: இன்னைக்குக் காத்து எத்தனை நாட் (காத்து வேக அளவு), எத்தனைக்கு மேல போனா ரத்து பண்ணுவீங்க. எந்த வழியா, எவ்வளவு உயரத்துல. எவ்வளவு எடை, பாரத்தோட மையம் (மொத்த எடையும் சமநிலையில நிக்கிற புள்ளி) வரம்புக்குள்ள இருக்கா. அலட்சியமா பதில் சொன்னா ஏறாதே. 2018 ஆகஸ்ட்ல ஸ்விட்சர்லாந்து மலையில யு-52ங்கிற பழைய ஜெர்மன் விமானம் விழுந்து 20 பேர் போனாங்க. குறுகின பள்ளத்தாக்குல தாழ்வாப் பறந்தது முக்கிய காரணம், மையமும் பின் வரம்பைத் தாண்டியிருந்துச்சு. அடுத்த வருஷம் அமெரிக்காவுல பி-17 குண்டுவீச்சு விமானம் விழுந்தது. விசாரணையில பராமரிப்புக் குறையும் வந்தது. பழைய விமானம்னாலே ஆபத்துன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஏர்லைன் கணக்குல இதை நினைக்காதே. போர் விமானத்துல குழந்தையை ஏத்துறது எனக்குச் சம்மதமே இல்ல.

[காலை 11:47] கார்த்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[காலை 11:48] சுந்தர் சித்தப்பா: பாத்துட்டேன் டா 😄

[காலை 11:55] வசந்தி அத்தை: காலையில முதல் சவாரியா எடு. வெயில் ஏறினா தரைச் சூட்டுல காத்து மேல கிளம்பி குலுக்கும். ரெண்டுல இருந்து பன்னெண்டு வயசு வரைக்கும்தான் குமட்டல் அதிகம். வெறும் வயித்தோட வேணாம், வயிறு முட்டவும் வேணாம். சீட் இறக்கைக்குப் பக்கமா, கண்ணு தூரத்து அடிவானத்துல. போன்ல படம் காட்டாதே. ஜிப் வச்ச கவர் ரெண்டு, கையிலயே.

[மதியம் 12:02] மீனா: சரி அத்தை. காலை பத்து மணி ஸ்லாட் இருக்கு, ரெண்டு சீட் போட்டுட்டேன். சின்னவளோட அவர் கீழ இருப்பார். இயர்மஃப் இன்னைக்கே வாங்கிடறேன்.

[மதியம் 12:04] கார்த்தி: சின்னவளுக்கும் ஒண்ணு வாங்குங்க அக்கா. டக்கோட்டா ஸ்டார்ட் ஆகும்போது தரையிலதான் சத்தம் காதைக் கிழிக்கும்.