டிகாஷன் பாதியில் நின்றுவிடுகிறது: பொடியா, ஃபில்டரா, கையா?

வெறும்டபரா:
4 பேர் அளவு எவர்சில்வர் ஃபில்டர். கடையில் கண்ணெதிரே அரைத்து வாங்கிய பொடி, காபி 80, சிக்கரி 20, நைஸ் அரைப்பு. 4 டேபிள்ஸ்பூன் போட்டு, ஓட்டைத் தட்டை வைத்து நன்றாக அழுத்தி, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை விளிம்பு வரை ஊற்றுகிறேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கால்வாசிதான் இறங்கியிருக்கிறது. பக்கவாட்டில் தட்டினால் கொஞ்சம் சொட்டும், மறுபடி நின்றுவிடும். அழுத்தாமல் விட்டாலோ 5 நிமிடத்தில் மொத்தமும் இறங்கிவிடுகிறது, ஆனால் வெறும் கலர் தண்ணீர். எங்கே தப்பு?

பழுப்புநுரை:
முதலில் ஃபில்டர்மேல் தப்பில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பொடி போடாமல் மேல் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடியுங்கள். எல்லாத் துளைகளிலிருந்தும் மழைபோலக் கொட்ட வேண்டும். நாலைந்து இடத்தில் மட்டும் நூலாக விழுந்தால் மற்றவை அடைத்துக்கொண்டிருக்கின்றன.

காபியின் எண்ணெய்ப் பிசுக்கு சோப்புக்கு அவ்வளவு லேசில் போகாது. துளையுள்ள பாத்திரத்தை மட்டும் காலியாக, ஈரமில்லாமல், சிறு தீயில் 2 நிமிடம் காட்டுங்கள். பிசுக்கு கருகிப் பொடியாகும். தானாக ஆறிய பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். சூட்டோடு குழாயில் காட்டினால் அடித்தகடு நெளியும். பித்தளை ஃபில்டர் வைத்திருப்பவர்கள் இதைச் செய்யவே வேண்டாம், உள்ளே பூசிய ஈயம் உருகிவிடும். போர் தண்ணீர் உப்புப் படிவம் என்றால் தீ உதவாது. வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கழுவுங்கள். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகி அப்புறம் பொடியே கீழே இறங்கும்.

சிக்கரிவேண்டாம்:
சிக்கரியை நிறுத்துங்கள், எல்லாம் சரியாகும். அது காபியே இல்லை, வேர்.

இரண்டாம்டிகாஷன்:
மேலே சொன்னவருக்கு: வேர்தான், கஃபீனும் கிடையாது. ஆனால் பால் காபிக்கு அந்தக் கருமையையும் கெட்டியையும் தருவது அதுதான். 20 சதவீதம் தப்பே இல்லை. பாக்கெட் பொடிகளில் 49 சதவீதம் வரைகூட சிக்கரி போடச் சட்டம் இடம் தருகிறது. வாங்கும்போது உறையில் அச்சிட்ட விகிதத்தைப் பாருங்கள்.

கேட்டவரின் சிக்கல் நைஸ் அரைப்பும் அழுத்தமும் சேர்ந்தது. சிக்கரி தண்ணீர் பட்டதும் ஊறிப் பசைபோல ஆகும். மாவாக அரைத்து, அதன்மேல் பலமாகவும் அழுத்தினால் அடியில் களிமண் மெழுகியதுபோலத்தான். சிக்கரி கூடக்கூட அரைப்பு கொஞ்சம் கொரகொரப்பாக இருக்க வேண்டும். விரலிடையில் தேய்த்தால் ரவையைவிடச் சன்னமாக, கோதுமை மாவைவிடக் கரகரப்பாக இருந்தால் சரி. கடையில் "ஃபில்டருக்கு" என்று சொல்லிக் கேளுங்கள்.

அளவு, இரண்டு பேருக்கு: பொடி 25 கிராம், தண்ணீர் 150 மில்லி. பொடி தன் எடையைப்போல் இரு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், அதனால் கைக்கு வருவது 100 மில்லிதான். விளிம்பு வரை ஊற்றுவதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். பாத்திரம் கொள்ளும் அளவு வேறு, பொடி தாங்கும் அளவு வேறு.

பொடியைப் போட்டு லேசாகக் குலுக்கிச் சமப்படுத்துங்கள். தட்டை அதன் பாரத்தோடு வைத்து ஒரு விரலால் ஒரு அமுக்கு, அவ்வளவே. அடுப்பை அணைத்து அரை நிமிடம் விட்ட தண்ணீரை முதலில் 2 டேபிள்ஸ்பூன் மட்டும் ஊற்றி ஒரு நிமிடம் காத்திருங்கள். புதுப் பொடியில் அடைபட்டிருக்கும் காற்று குமிழாக வெளியேறும். இதைச் செய்யாவிட்டால் அந்தக் காற்றே பொடியைப் பிளந்து வழி உண்டாக்கும், தண்ணீர் அந்த வழியாகவே ஓடிவிடும். நீங்கள் சொன்ன கலர் தண்ணீருக்கு அதுவும் ஒரு காரணம். பிறகு மீதியை வட்டமாக, தட்டின்மேல் விழும்படி ஊற்றுங்கள். 20 நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் இறங்கினால் சரியான வேகம்.

ஈர்க்குச்சி:
"தட்டினால் சொட்டும், மறுபடி நின்றுவிடும்" என்பதை யாரும் கவனிக்கவில்லையே. அது காற்றுப் பூட்டு. கீழ்ப் பாத்திரத்தில் டிகாஷன் சேரச்சேர அங்குள்ள காற்று வெளியே போக வேண்டும். இரண்டும் இறுகப் பொருந்தியிருந்தால் போக வழியில்லை. மேல் மூடி இறுகினாலும் இதே கதை, அங்கே காற்று உள்ளே வர முடியாது. மேல் பாத்திரத்தை லேசாகத் தூக்கி ஒரு திருகு திருகி வையுங்கள். அதற்கும் மசியாத ஃபில்டர் என்றால் இரண்டு விளிம்புக்கும் நடுவே சுத்தமான ஈர்க்குத் துண்டு ஒன்றைச் செருகினால் போதும். மூடியைச் சும்மா மேலே வையுங்கள், அழுத்தாதீர்கள்.

அடியில் ஒரு ஸ்பூன் சர்க்கரை தூவிப் பொடி போடும் வழக்கம் உண்டு. நைஸ் பொடி துளையில் போய் உட்காராமல் கொஞ்ச நேரம் தாங்கும். வீட்டில் சர்க்கரை இல்லாமல் குடிப்பவர் இருந்தால் செய்ய முடியாது.

வெறும்டபரா:
ஈர்க்குச்சி சொன்னதுதான்! திருகியதும் விடுவிடுவென்று சொட்ட ஆரம்பித்தது. துளைகளிலும் பாதி அடைப்பு, சுட்டுவிட்டேன். இப்போது டிகாஷன் கெட்டியாக வருகிறது, ஆனால் ஆறிவிடுவதால் அடுப்பில் சூடாக்குகிறேன். கசக்கிறது. மாலைக்கும் அதையே வைக்கலாமா?

இரண்டாம்டிகாஷன்:
டிகாஷனைத் தீயில் வைக்கவே கூடாது. வாசனை ஆவியாகப் போய்க் கசப்பு மட்டும் மிஞ்சும். கீழ்ப் பாத்திரத்தை வெந்நீர்க் கிண்ணத்தில் 5 நிமிடம் இறக்கி வையுங்கள். இல்லையென்றால் டிகாஷனை அப்படியே விட்டு, பாலைப் பொங்கும் சூட்டில் ஊற்றுங்கள். ஒரு பங்கு டிகாஷனுக்கு மூன்று பங்கு பால் என்ற கணக்கில் பாலின் சூடே போதும். பால் முதல் கொதியிலேயே இறங்க வேண்டும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய பாலில் ஆடை வாடை காபியை அமுக்கிவிடும். ஆவின் என்றால் 6 சதவீதக் கொழுப்புள்ள ஆரஞ்சு, இல்லையேல் 4.5 சதவீதப் பச்சை. நீலத்தில் 3 சதவீதம்தான், அதற்கு டிகாஷனைச் சற்றுக் கூட்டிப் பாலைக் குறையுங்கள்.

காலை டிகாஷன் மாலை வரை மூடி வைத்தால் கெடாது, வாசனை மட்டும் பாதி. மறுநாள் வரை வைத்து, பாலும் பழையது என்றால் ஊற்றியதும் திரிந்துவிடும்.